அச்சேறக்கூடாத பதினொரு நிமிடம்

கிழக்கு லண்டன் தனித்தொழில் எழுத்தாளர் கழகத்தின் மாதமடல் ஒரு சனிக்கிழமை காலையில் வந்தது. எந்த நிறுவனத்திலும் சம்பளத்துக்கு இல்லாமல், கட்டுரையும் வரலாறும் மனிதர்களின் வாழ்க்கையும் எழுதிப் பிழைக்கிற எழுபது பேரின் கழகம் அது. மடலின் கடைசிப் பக்கம் "உறுப்பினர் செய்திகள்". யாருடைய புத்தகம் வந்திருக்கிறது, யாருக்கு விருது, யாருடைய கட்டுரை எதில் என்றெல்லாம் அதில் இருக்கும். கிளறிற்றா அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறந்தாள். கழகத்தில் சேர்ந்த பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக அவளும் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். ரயில் பெட்டிகளைக் கழுவித் துடைக்கிற பெண்களோடு எட்டு மாதம் அலைந்து அவள் எழுதிய நீண்ட கட்டுரை ஒரு காலாண்டிதழில் வந்திருந்தது.

தேம்ஸ் பாலங்களைப் பற்றி ஒருவர் எழுதிய புத்தகம் இரண்டாம் பதிப்புக் கண்டிருந்தது. நகரத்துத் தேனீக்களைப் பற்றி எழுதிய பெண்ணுக்கு ஒரு பதக்கம். அதன் பிறகு தடித்த எழுத்தில்: சுஜீத் ஆனந்தராஜாவின் "எட்டாம் நம்பர் பம்ப்", லண்டன் பெற்றோல் ஸ்ரேசன்களில் நின்ற தமிழர்களின் கதை, ஒரு பெரிய பரிசின் குறும்பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. அதற்குக் கீழே ஒரு வரி: "நேர்காணல்களில் உதவிய நமது உறுப்பினர் கிளறிற்றாவுக்கும் வாழ்த்துகள்."

ரயில் பெட்டிப் பெண்களைப் பற்றி ஒரு சொல் இல்லை.

மடலைத் தொகுப்பவள் கிரிஜா, சென்னைக்காரி. கிளறிற்றா உடனே அவளை அழைத்தாள்.

"ரெண்டும் ஒரே ஆளோட செய்திதானேன்னு சேர்த்துப் போட்டுட்டேன்" என்றாள் கிரிஜா. "குறும்பட்டியல்ல வந்திருக்குன்னா எவ்வளவு பெரிய விஷயம். உங்களுக்கும் பெருமைதானே?"

"அது என்ர செய்தி இல்லை கிரிஜா. நான் அனுப்பினது வேற."

"ஆமா, ஆமா. அடுத்த மாசம் போட்டுடறேன். வியாழக்கிழமை கூட்டத்துல சுஜீத் பேசறார். நீங்களும் ரெண்டு வார்த்தை பேசுங்களேன், உதவியாளர்ங்கிற முறையில."

கிளறிற்றா போனை வைத்தாள். அறுபத்திரண்டு பேரைச் சந்தித்தவள் அவள். சவுத்தாலில் கடையின் பின்னறைகளிலும், குரோய்டனில் ட்ராம் நிறுத்தத்திலும், தான் குடியிருக்கும் ஃபாரஸ்ட் கேட் பகுதியில் சமையலறை மேசைகளிலும் இருந்து கேட்டவள். கேட்டதை எல்லாம் எழுதி, ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுத்தவளும் அவள்தான். சுஜீத் லண்டனில் பிறந்தவன். தமிழ் விளங்கும், வாசிக்கத் தெரியாது. "அன்ரி, நீங்கள் கேட்டால் ஆக்கள் கதைப்பினம். நான் போனால் ரீ குடிக்கத் தந்து அனுப்பிவிடுவினம்" என்று இரண்டு வருடத்துக்கு முன் அவளைத் தேடி வந்தான். பேசியபடி கூலியும் கொடுத்தான். அந்த விடயத்தில் அவளுக்குக் குறையில்லை. ஆனால் புத்தகம் வந்து ஐந்து கிழமையாகியும் ஒரு பிரதி அனுப்பவில்லை. தன் வேலை நிறைந்த புத்தகத்தைக் கடையில் வாங்குவதற்கு அவளுக்கு மனம் வரவில்லை. நூலகத்துக்குப் போனாள்.

புத்தகம் வாசலுக்கு அருகிலேயே, புதிய வரவுகளில் நின்றது. நின்றபடியே புரட்டினாள். நன்றியுரையில் அவள் பெயர் பதினேழாவதாக இருந்தது, அவனுடைய உடற்பயிற்சி ஆசிரியருக்குப் பிறகு. அதைக்கூடச் சிரித்துக் கடந்துவிட்டாள். ஏழாம் அத்தியாயத்தைத் திறந்தபோதுதான் கை நின்றது.

அந்த அத்தியாயம் பஸ்தியாம்பிள்ளையுடையது. அவர் மன்னாரிலிருந்து வந்தவர், இருபத்திரண்டு வருடம் பெற்றோல் ஸ்ரேசனில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு தவறாமல் பூசைக்கு வருகிற, ஆறடி உயர அமைதியான மனுசன். அவர் கிளறிற்றாவிடம் ஒன்றரை மணித்தியாலம் கதைத்தார். நாற்பத்தொன்றாம் நிமிடத்திலிருந்து ஐம்பத்திரண்டாம் நிமிடம் வரை கதைத்தது வேறு யாருக்கும் அவர் சொல்லாதது.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு மாசி மாதம், ஷிப்ட் மாறுகிற விடியற்காலை. கூட வேலை செய்த சூசைதாசன் வாசலில் கிடந்த பத்திரிகைக் கட்டுகளை எடுக்க வெளியே போனான். மூன்று பேர் சுத்தியலோடு வந்தார்கள். சூசைதாசன் கட்டுகளைப் போட்டுவிட்டுக் கதவுக்கு ஓடிவந்தான். கதவின் பூட்டு காசாளரின் மேசைக்குக் கீழே இருக்கிற பொத்தானில் இருந்தது. பஸ்தியாம்பிள்ளை அதை ஒருமுறை அழுத்திப் பூட்டினார். திறப்பதற்கு இன்னொரு முறை அழுத்த வேண்டும். அழுத்தவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சூசைதாசனின் முகம் இருந்தது. பூட்டு இறுகிவிட்டது என்று பிறகு பொலிசுக்குச் சொன்னார். எல்லோரும் நம்பினார்கள். சூசைதாசன் தலையில் பட்ட அடியோடு, ஒரு கை விளங்காமல், ஒன்பது வருடம் உயிரோடு இருந்தான். அந்த ஒன்பது வருடமும் வெள்ளிக்கிழமை தோறும் அவனை ஆஸ்பத்திரிக்குக் காரில் கொண்டுபோய்க் கொண்டுவந்தவர் பஸ்தியாம்பிள்ளை. சிநேகிதம் என்றால் இதுவல்லவா என்று கோயில் பங்குச் சனமே மெச்சியது.

சொல்லி முடித்துவிட்டு அவர் ரெக்கோடரைப் பார்த்தார். "இதை எழுதிப்போடாதை பிள்ளை. சூசைதாசன்ர மனுசி கோயில்ல எனக்கு முன்வாங்கிலதான் இருக்கிறா. ஒருக்கா வாய்விட்டுச் சொல்ல வேணும்போல இருந்தது, அவ்வளவுதான்."

"எழுதமாட்டன் அண்ணை" என்று கிளறிற்றா சொன்னாள். அதுவும் பதிவில் இருக்கிறது.

மொழிபெயர்ப்பைச் சுஜீத்துக்கு அனுப்பும்போது அந்த இடத்தில் பெரிய எழுத்தில் குறித்தாள்: அச்சில் வரக்கூடாது, அவர் கேட்டுக்கொண்டது. அது போதுமென்று நினைத்தாள். அந்தப் பகுதியை வெட்டிவிட்டே அனுப்பியிருக்கலாம் என்று இப்போது, நூலகத்தின் நடுவில் நின்றபோதுதான் தோன்றியது. ஏன் வெட்டவில்லை? முழுமையான பதிவு எழுத்தாளனுக்கு உதவும் என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நம்பினாள். புத்தகத்தில் எல்லாமே இருந்தது. பொத்தான், கண்ணாடி, முகம், ஊர், பஸ்தியாம்பிள்ளை என்ற முழுப்பெயர். வசனங்கள்கூட அவளுடையவை. இரவிரவாக இருந்து, அந்த மனுசனின் மூச்சுத் திணறல் ஆங்கிலத்திலும் கேட்கவேண்டுமென்று அவள் சொல்சொல்லாகப் பொறுக்கிய வசனங்கள். அவளுடைய கெட்டித்தனத்தை வைத்தே அவள் கொடுத்த வாக்கின் கழுத்தை அறுத்திருந்தார்கள்.

நேரே பஸ்தியாம்பிள்ளையின் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தவர் உள்ளே வரச் சொல்லவில்லை.

"தெரியும்" என்றார். "போன ஞாயிறு நீ பூசைக்கு வரேல்லை. முடிய ஆரோ ஒரு பெடிச்சி அந்தப் பக்கத்தைப் போனில எடுத்து எல்லாருக்கும் காட்டினது."

"அண்ணை, நான் எழுதவேண்டாமெண்டு குறிச்சுத்தான்..."

"நீ சொன்ன சொல்லை நம்பித்தானே பிள்ளை நான் வாய் திறந்தனான். அந்தப் பெடியனை எனக்குத் தெரியாது. உன்னைத்தான் தெரியும்."

அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்று பின்னேரமே ஸ்ராட்போர்ட்டில் ஒரு கோப்பிக் கடைக்குச் சுஜீத்தை வரச் சொன்னாள். அவன் நேரத்துக்கு வந்தான். எழுந்து நின்று, அவளுக்கு நாற்காலி இழுத்துவிட்டான். முப்பத்துநான்கு வயது, நல்ல மரியாதையான பெடியன். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கொடுத்தது.

"ஏழாம் சப்ரர்" என்றாள்.

"அன்ரி, அதுதான் புத்தகத்தின்ர இதயமே. எங்கட எடிட்டர் அதை வாசிச்சு அழுதவ. அது இல்லாட்டில் குறும்பட்டியல் இல்லை."

"நான் குறிச்சு விட்டதைக் கண்டனியோ?"

அவன் கோப்பையைச் சுற்றினான். "கண்டனான். ஆனா அவர் சைன் வைச்ச சம்மதப் போமில எல்லாத்தையும் பாவிக்கலாமெண்டு இருக்கு. லீகலாப் பிரச்சினை இல்லையெண்டு பப்ளிஷர் செக் பண்ணினவை."

"அந்தப் போமை அவருக்குத் தமிழில வாசிச்சுக் காட்டினது நான். வேண்டாமெண்டு சொல்லுறதை எடுத்துப்போடலாமெண்டு சொல்லித்தான் சைன் வாங்கினனான்."

"அன்ரி, இது அவரை அவமானப்படுத்துற சப்ரர் இல்லை. வாசிக்கிற எல்லாருக்கும் அவரில இரக்கம்தான் வரும். எங்கட சனம் இப்பிடியான கதையளை மூடிமூடித்தான் வைச்சிருக்குது. ஆரோ ஒருத்தர் திறக்கத்தானே வேணும்."

"திறக்கிறது உன்ர வீட்டுக் கதவோ தம்பி?"

அவன் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "உங்கட பேர் பின்னால போனதுக்கு நான் மன்னிப்புக் கேக்கவேணும். பேப்பர்பாக்கில கவர்ல போடச் சொல்லுறன். என்ர பேருக்குக் கீழ, உங்கட பேர்" என்றான்.

இவ்வளவு நேரமும் அவள் கதைத்ததை இவன் பெயருக்காகக் கதைத்ததாகவா கேட்டுக்கொண்டிருந்தான்? பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

அடுத்த நாள், அந்தப் பக்கங்களை எடுத்துவிடும்படி பதிப்பகத்துக்கு எழுதினாள். தான் குறித்து அனுப்பிய பக்கத்தையும் இணைத்தாள். செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. தங்கள் உணர்வை மதிக்கிறோம், தங்கள் பங்களிப்பு போதிய அளவில் வெளிப்படாததற்கு வருந்துகிறோம், அட்டையில் பெயர் சேர்ப்பது பற்றிப் பேச விரும்புகிறோம் என்று மூன்று பந்தி. பஸ்தியாம்பிள்ளையின் பெயர் ஒரு இடத்திலும் இல்லை. ஒரு எழுத்தாளருக்குக் கோபம் வந்தால் அது பெயருக்காக மட்டும்தான் வரும் என்று அந்தக் கட்டடத்தில் இருந்த எல்லோரும் முடிவுசெய்திருந்தார்கள் போலிருந்தது. கணினியை மூடிவிட்டு அடுப்படியை மூன்றுமுறை துடைத்தாள்.

புதன்கிழமை, போகவே பயந்த இடத்துக்குப் போனாள். சூசைதாசனின் மனைவி மேரிறோஸ் இரண்டு தெரு தள்ளி, கவுன்சில் மாடிவீட்டில் தனியே இருந்தார். கிளறிற்றா வாசலில் நின்றே தொடங்கினாள். "அக்கா, அந்தப் புத்தகத்தில வந்தது நான் கேட்டு எழுதினது. உங்களிட்ட மன்னிப்புக் கேக்க..."

"உள்ளுக்கு வா. படியில நிண்டு கதைக்கிற கதையில்லை இது."

இருக்கச் சொல்லிவிட்டு மேரிறோஸ் எதிரே அமர்ந்தார். மடித்துக்கொண்டிருந்த துணிகளை ஓரமாக வைத்தார்.

"எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியே?"

கிளறிற்றா நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆஸ்பத்திரியில இவருக்குப் பேச்சுத் திரும்பின முதல் நாளே சொன்னவர். பஸ்தியம் திறக்கேல்லை, பயந்திட்டான், நானெண்டாலும் திறந்திருக்கமாட்டன், நீ அவனிட்ட ஒருநாளும் இதைக் கேட்டுப்போடாதை எண்டு. நான் கேக்கேல்லை. ஒன்பது வருசம் வெள்ளிக்கிழமையில ரெண்டு பேரும் முன்சீற்றில இருந்து புட்போல் கதைப்பினம். நான் பின்சீற்றில இருந்து கேட்டுக்கொண்டு போவன். இவர் செத்த பிறகும் கேக்கேல்லை. அந்த மனுசன் எனக்கு முன்னால தலையைக் குனிஞ்சுகொண்டு திரியிறதைப் பாத்தும் கேக்கேல்லை. இருபது வருசம் பிள்ளை. அது எங்கட வீட்டுக் காரியம்."

"அக்கா..."

"இப்ப கோயில்ல ஆக்கள் வந்து என்ர கையைப் பிடிச்சு அழுகினம். அந்தாளோட இனிக் கதையாதைங்கோ எண்டுகினம். கதைச்சால் நான் சொரணை கெட்டவள். கதைக்காட்டில் என்ர மனுசன்ர சொல்லை மீறினவள். எந்தப் பக்கம் நான் போறது? உங்கட புத்தகத்துக்குப் பரிசு வரப்போகுதாம். ஆற்ற பொருளை எடுத்து ஆருக்குப் பரிசு?"

துணிகளை மறுபடி மடியில் எடுத்துக்கொண்டு, "நான் சொன்னதை அந்த மனுசனிட்டப் போய்ச் சொல்லிப்போடாதை. சொல்லுறதெண்டால் நானே சொல்லுவன்" என்றார்.

"சொல்லமாட்டன்" என்றாள் கிளறிற்றா. சொல்லும்போதே அவளுக்கு வெட்கமாக இருந்தது. இதே வாயால் முன்பும் அப்படித்தான் சொன்னாள்.

வியாழக்கிழமைக் கூட்டம் ஸ்ராட்போர்ட்டில் ஒரு சமூக மண்டபத்தின் மேல்மாடியில். முப்பது பேர் வந்திருந்தார்கள். புதிய புத்தகங்கள் ஒரு மேசையில் பரப்பியிருந்தன. பாலங்களை எழுதியவர் பேசினார், தேனீக்காரி பேசினாள், கைதட்டினார்கள். கிளறிற்றா கடைசி வரிசையில் இருந்தாள். சண்டை பிடிக்க வரவில்லை. கூட்டம் முடியச் சுஜீத்தைத் தனியே பிடித்து, அந்தப் பக்கங்களை எடுக்கச் சொல்லி இன்னொருமுறை கேட்டுப்பார்க்கலாம் என்றுதான் வந்திருந்தாள். அவன் எழுந்து, புத்தகத்தை விரித்து, ஏழாம் அத்தியாயத்திலிருந்து ஒரு பகுதி வாசிக்கப்போவதாகச் சொன்னான்.

அவள் தன்னை அறியாமலே எழுந்து நின்றாள்.

"அதை வாசியாதை தம்பி."

தமிழில் சொன்னதால் முக்கால்வாசிப் பேருக்கு விளங்கவில்லை. ஆனால் குரல் விளங்கியது. முன்வரிசையில் கிரிஜா திரும்பிப் பார்த்தாள். கிளறிற்றா ஆங்கிலத்துக்கு மாறினாள்.

"இந்தப் புத்தகத்துக்கு உதவியவள் என்று இரண்டு வார்த்தை பேசக் கேட்டிருந்தார்கள். பேசுகிறேன். அவர் வாசிக்கப்போகிற பக்கங்கள் ஒரு மனிதர் எழுதவேண்டாம் என்று கேட்டுச் சொன்னவை. எழுதமாட்டேன் என்று நான் வாக்குக் கொடுத்தேன். குறித்தும் அனுப்பினேன். அதில் என்ன இருக்கிறது என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் நானும் அதையே செய்தவளாவேன். இந்த அறையில் இருக்கிற எல்லோரும் மற்றவர்கள் வாய் திறப்பதால்தான் சாப்பிடுகிறோம். நாளைக்கு உங்களில் ஒருவர் ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு கதவைத் தட்டினால் அது திறக்காது. ஏன் திறக்கவில்லை என்று யோசித்துப் பாருங்கள்."

"கிளறிற்றா, இதைக் கூட்டத்துக்கு அப்புறம்..." என்று கிரிஜா எழுந்தாள்.

கிரிஜாவுக்குப் பக்கத்தில், ரயில்வே தொழிற்சங்கங்களைப் பற்றி நாற்பது வருடமாக எழுதுகிற ஒரு வெள்ளைக்காரக் கிழவர் கையை உயர்த்தினார். சுஜீத்தைத்தான் கேட்டார். "குறிக்கப்பட்டிருந்ததா?"

சுஜீத் புத்தகத்தைப் பார்த்தான். "ஆம்."

"நீங்கள் அதைப் பார்த்தீர்களா?"

"பார்த்தேன். புத்தகத்துக்கு அது தேவை என்று நினைத்தேன்."

கிழவர் வேறொன்றும் கேட்கவில்லை. கையெழுத்து வாங்குவதற்காக மடியில் வைத்திருந்த பிரதியை எடுத்துக்கொண்டு போய், மேசையில் முன்பிருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்து அமர்ந்தார். சுஜீத் வாசிக்கவில்லை. அவன் முகம் சிவந்து, சின்னப் பிள்ளையின் முகம் போலாகியிருந்தது. கிளறிற்றாவுக்கு இரக்கம் வரப்பார்த்தது. மேரிறோஸின் மடியில் கிடந்த துணிகளை நினைத்துக்கொண்டாள். இரக்கம் வரவில்லை.

இரண்டு நாள் கழித்துச் சுஜீத் போனில் அழைத்தான். பேப்பர்பாக்கிலும் மின்பதிப்பிலும் அந்தப் பக்கங்கள் இருக்காது, தானே நின்று எடுப்பித்துவிட்டேன் என்றான். கடைகளுக்குப் போன கெட்டி அட்டைப் பிரதிகளைத் திருப்பி எடுக்கப் பதிப்பகம் மறுத்துவிட்டது.

"அன்ரி, நான் அவரிட்ட நேர வந்து மன்னிப்புக் கேக்கலாமோ?"

"அவரைக் கேட்டுச் சொல்லுறன்."

பஸ்தியாம்பிள்ளை இந்த முறை அவளை உள்ளே விட்டார். சொன்னதைக் கேட்டுவிட்டு, "அச்சடிச்சதுகள் கிடக்குந்தானே?" என்றார்.

"கிடக்கும் அண்ணை."

"ம்."

"அந்தப் பெடியன் உங்களிட்ட வரட்டோ எண்டு கேக்கிறான்."

"வேண்டாம். வந்தால் வந்ததையும் எழுதுவான்."

ஐப்பசியில் அந்தப் புத்தகத்துக்குப் பரிசு கிடைத்தது. நடுவர்கள் கெட்டி அட்டைப் பிரதியைத்தான் வாசித்திருந்தார்கள். மேடையில் சுஜீத் தன் சமூகத்துக்கு நன்றி சொன்னான் என்று பத்திரிகையில் இருந்தது. அடுத்த கிழமை, பெயர் கேள்விப்பட்டிராத ஒரு முகவர் கிளறிற்றாவை அழைத்தார். ஸ்ராட்போர்ட் கூட்டத்தில் நடந்தது காதுக்கு வந்ததாம். அந்தச் சர்ச்சையின் உட்கதையை அவள் பக்கத்திலிருந்து எழுதினால் எடுத்துக்கொள்ள இரண்டு பதிப்பகங்கள் தயாராம். அந்த விதவையின் பக்கமும் கிடைத்தால் புத்தகத்துக்கு நல்ல முடிவாக இருக்கும் என்றார்.

"அந்தப் பெண்ணின் தொலைபேசி எண் உங்களிடம் இருக்கிறதா?" என்றும் கேட்டார்.

கிளறிற்றா அதற்குச் சொன்ன வசவை ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிற ஒரு பெண் சொன்னதாக எழுத முடியாது. அந்த முகவர் பிறகு அழைக்கவில்லை.

கார்த்திகை முதல் ஞாயிறு பூசை முடிந்து சனம் வாசலில் நின்று கதைத்துக்கொண்டிருந்தது. பஸ்தியாம்பிள்ளை இப்போதெல்லாம் கடைசி வாங்கில் இருந்து, கடைசி ஆசீர்வாதத்துக்கு முன்பே பக்கக் கதவால் போய்விடுவார். அன்று காரடிக்குப் போகுமுன் மேரிறோஸ் அவருக்கு முன்னால் போய் நின்றார். சுற்றி நின்றவர்களின் பேச்சு நின்றது.

"அண்ணை, என்னை வீட்டுக்குக் கொண்டுபோய் விடுவியளோ?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார்.

பஸ்தியாம்பிள்ளை கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு பின்கதவைத் திறந்துவிட்டார். மேரிறோஸ் அந்தக் கதவைச் சாத்திவிட்டு, முன்கதவைத் தானே திறந்து, முன்சீற்றில் ஏறினார்.

கிளறிற்றா தெருவின் அந்தப் பக்கத்தில் எண்பத்தாறாம் நம்பர் பஸ்ஸுக்கு நின்றாள். கார் வெகுநேரம் புறப்படவில்லை. உள்ளே மேரிறோஸ் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பஸ்தியாம்பிள்ளை இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில் அவருடைய பெரிய தோள்கள் குலுங்கின. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோயில் வாசலில் ஒரு பிள்ளை போனை உயர்த்திக் காரை நோக்கிப் பிடித்தது. கிளறிற்றா தெருவைக் கடந்து போய், அந்தப் போனுக்கும் காருக்கும் நடுவில் நின்றாள். அவளுக்குப் பின்னால் பஸ் வந்து, நின்று, போனது.